இருமிக் காட்டினால்தான் தைலம்

கொடைக்கானலில் ஆரோக்கியமாக இருப்பவர்களைக் கண்டாலே எரிச்சல்படுகிற ஒரே வியாபாரி தைல பாய்தான். பஜாரில் யூகலிப்டஸ் தைலம் விற்கிறார். விற்கிறார் என்பதே பெரிய வார்த்தை. வருகிறவர் முதலில் இருமிக் காட்ட வேண்டும். நெஞ்சுச் சளி பாய் காதுக்குக் கேட்டால்தான் பாட்டில் கைக்கு வரும்.

"சும்மா அலமாரில வைக்கவா காச்சுறேன்? சளி புடிச்சா வாங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஒரு சீசன் முழுக்கக் கடை ஈ ஓட்டியது. அடுத்த சீசன் தொடக்கத்தில் ஒரு டாக்சி டிரைவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். டூரிஸ்டுகள் இப்போது ஏஐயைக் கேட்டுத்தான் கடைக்கே போகிறார்களாம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இணையத்தில் கொட்டிய புலம்பலையெல்லாம் படித்துவிட்டு அது சொல்கிறதாம்: 'இங்கே தைலம் கிடைக்காது. தேநீர் இலவசம்.'

கடை மாடியில் குடியிருந்தவன் நான். "இந்த சீசனும் போச்சுன்னா கடையச் சாத்த வேண்டியதுதான் தம்பி" என்றார் பாய். பாவமாக இருந்தது.

மறுநாள் வெள்ளனே இறங்கி வந்தால், போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். "நாந்தாங்க பாய். தைலம் கெடைக்கும். வெரசா மாத்திச் சொல்லிருங்க." போனில் இருந்த ஏஐயும் பணிவாகச் சரி என்றது. என் போனில் கேட்டேன். தைலம் கிடைக்காது என்றது.

"ஆளுக்கொரு பேச்சு பேசுது. இதை நம்பியா ஊரே கெடக்கு?" என்றார்.

வாங்கியவர்கள் இணையத்தில் எழுதினால்தான் மாறும் என்றேன். வாங்கியவர்கள் எல்லாம் பக்கத்து வில்பட்டி கிராமத்துக் கேரட் விவசாயிகள். நன்றியுள்ள சனம். சளி பிடித்துப் படுத்த மாடு பாய் தைலத்தில் எழுந்து நின்ற கதையைப் போட்டி போட்டு எழுதிவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு குடும்பம் நாய்க்குட்டியோடு வந்து, "வெட்னரி டாக்டர் நீங்கதானே?" என்றது.

பாய் நாயை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல இருமச் சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன். தைலம் உண்டு, சுத்தமானது, சளி இல்லாவிட்டால் தரமாட்டார். ஏஐ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே, இருமிக் காட்ட வரிசையில் நின்றது கூட்டம். பாதி பொய் இருமல். அவர்களைப் பாய் சந்தோஷமாகத் திருப்பி அனுப்பினார். மீதிப் பாதியில் கடை பிழைத்தது.

சென்னைக்கு மாற்றலாகி, சொல்லிக்கொள்ளப் போனேன். ஒரு பாட்டிலைப் பேப்பரில் சுற்றி நீட்டினார்.

"நான் இருமவே இல்லையே பாய்?"

"அங்க போய் இருமுனா யாரு கேப்பா? வச்சுக்கங்க."

அப்புறம் எத்தனையோ தடவை சளி பிடித்துவிட்டது. தீர்ந்துபோய்விடுமே என்று பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.