சத்தமில்லாத தரை

தரைக்காரர் கடைசித் தட்டைப் பொருத்திவிட்டு எழுந்து ஓர் அடி வைத்தார். 'மளுக்' என்றது.

பழைய மரத்தரையின் மேல் இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் சதுரத் தட்டுகளைப் பரப்பி, அடியில் ஒயர் ஓடும்படி இன்னொரு தரை எழுப்பும் வேலை. ஆபீஸ் மேனேஜர் வேறு யாருமல்ல, தரைக்காரர் சம்சாரத்தின் அண்ணன். ஐந்து வருஷமாக முகங்கொடுத்துப் பேசாத மனுஷர், தங்கை அழுததற்காகக் கொடுத்த வேலை.

"மாப்ளே, இங்க நாள் பூரா போன்ல பேசறவங்க. தரையில சின்னச் சத்தம் வந்தாலும் நீங்களும் தங்கச்சியும் என் வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். இவர் சம்சாரமோ அண்ணன் வீட்டுக்குப் போகப் பெட்டியே கட்டிவிட்டாள்.

மரம்தான் இளகியிருக்கிறது என்று முடிவுகட்டினார். தட்டுகளைக் கழற்றி, மரத்தில் நாற்பது திருகாணிகளை இறக்கி, மறுபடி மூடி, எழுந்து நடந்தார். மளுக்.

பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தோடு நின்றாள். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேலை நேரத்துல தொணதொணக்காதம்மா!"

இம்முறை மரத்தின் மேல் முழுக்க பிளைவுட் அடித்து, அதற்கு மேல் கால்களை நிறுத்தினார். தரை கெட்டியானது. ஒரு விரற்கடை உயரவும் செய்தது.

மேனேஜர் அறைக் கதவு தடதடவென்று ஆடியது.

"மாப்ளே! கதவு தொறக்கலையே!"

வெளிப்பக்கம் திறக்கும் கதவு. புதுத் தரை அதற்கு முட்டுக்கொடுத்து நின்றது.

"பொறுங்க மச்சான், அடியில கொஞ்சம் அறுத்துடறேன்!"

"என் கதவையா?"

படுத்துக்கொண்டே அறுத்ததில் கதவின் அடி படகு மாதிரி வளைந்துபோனது. உள்ளே குனிந்து பார்த்ததில் தலையெல்லாம் மரத்தூளாக வெளியே வந்த மச்சான், கடுப்போடு தரையில் நாலு எட்டு நடந்தார். சத்தமே இல்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பரவாயில்லை மாப்ளே. கெட்டியாத்தான் இருக்கு."

சந்தோஷத்தில் துள்ளி எழுந்து அவரை நோக்கி ஓடினார் தரைக்காரர். மளுக், மளுக், மளுக்.

"இது என்ன சத்தம்?" என்றார் மச்சான்.

தரைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "கழட்டிடறேன் மச்சான். எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி..."

"எதைக் கழட்டினாலும் போகாதுண்ணே" என்றாள் பெருக்குகிற அம்மாள். "காலையில கீழ சிமெண்டுப் படியில ஏறும்போதே உங்க முட்டி இப்படித்தான் சத்தம் போட்டுச்சு."