வயர் அண்ணையின் மிச்ச மூன்றடி

லண்டன் தமிழர்களில் பாதிப்பேரை ஒருமுறையாவது குப்புற விழுத்திய பெருமை ஒரேயொரு மனிதரைத்தான் சேரும். அவர் எங்கள் வயர் அண்ணை. மீதிப் பாதிப்பேர் தப்பியதற்குக் காரணம் அவர்கள் தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே குடியிருந்ததுதான். ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போவதில்லை என்பது அண்ணையின் கொள்கை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஆனால் கலியாண அழைப்பிதழிலேயே 'வயர் அண்ணை குடும்பத்தினர்' என்று எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டோம். அவரும் மொய்க் கவரில் அப்படித்தான் எழுதுவார். ஜெர்மனியில் கொஞ்சக்காலம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு நோர்பரிக்கு வந்தவர். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வைக்கிற ஆசை எங்கள் சனத்தைப் பிடித்து ஆட்டிய காலம் அது. முன்னுக்கு மூன்று ஸ்பீக்கர், பின்னுக்கு இரண்டு, மூலையில் வீடு அதிர ஒரு பெட்டி. நோர்பரியிலிருந்து ஸ்ட்ரெதம் வரைக்கும் அண்ணையைக் கூப்பிடாத வீடு இல்லை.

கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. வயரைச் சுவரோரமாக இழுத்து, கிளிப் வைத்து, டக் டக்கென்று அடித்துக்கொண்டு போகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் எந்த வீட்டிலும் கடைசி மூன்றடியை மட்டும் அடிக்கமாட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வரும், இல்லையென்றால் தேத்தண்ணி வரும். சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு, "தங்கச்சி, மிச்சத்தைப் பேந்து வந்து அடிக்கிறன்" என்பார். அந்தப் 'பேந்து', அதாவது 'பிறகு', எந்த வீட்டுக்கும் வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

எங்கள் வீட்டிலும் அந்த மூன்றடி கிடந்தது. ஒரு பிறந்தநாள் விருந்தன்று சொதிச் சட்டியோடு வந்த நான் அதில் காலைக் கொழுவினேன். நான் சோபாவில், சொதி கார்ப்பெட்டில். அண்ணையைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"சொதி கொட்டினது பெரிய கவலைதான் தங்கச்சி. ஸ்பீக்கருக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்டார் மனுசன்.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று அந்த வயரை டீவி அலுமாரிக்குப் பின்னால், ஒருவருடைய காலும் படாத இடமாகப் பார்த்து நானே தள்ளிவிட்டேன்.

மற்ற வீடுகளில் எல்லாம் அந்த மூன்றடி சொதியோடும் சிராய்ப்போடும் போயிற்று. அண்ணையின் சொந்த வீட்டில் அப்படிப் போகவில்லை. போன வருஷம் அவருடைய மனைவி ராணி அக்கா முன்னறையில் அதே மாதிரி ஒரு மூன்றடியில் தடக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்.

டாக்டர்மார் எலும்பைப் பொருத்திவிட்டார்கள். பயத்தை எடுக்க அவர்களால் ஏலவில்லை. அக்கா கைத்தடியோடு சமையலறை வரைக்கும் வருவார், மாடிக்கு ஏறுவார், முன்னறை வாசற்படியை மட்டும் தாண்டமாட்டார். சாமித்தட்டு அந்த அறையின் பின்மூலையில்தான் இருந்தது. அண்ணை விளக்கேற்ற, அக்கா வாசலில் நின்றே கும்பிடுவார். படம் பார்ப்பதென்றால் உயிரை விடுகிற மனுசி, சமையலறையில் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிளிப் பையும் சுத்தியலுமாக வீடு வீடாகப் போகத் தொடங்கினார். கதவைத் தட்டி, வணக்கமும் சொல்லாமல், "மிச்சம் அடிக்க வந்தனான்" என்பார். ஒரு வீட்டில் தமிழர்கள் விற்றுவிட்டுப் போய், வெள்ளைக்காரர்கள் குடிவந்திருந்தார்கள். அங்கேயும் அடித்துவிட்டுத்தான் வந்தார். தேத்தண்ணி கூடக் கொடுத்தார்களாம்.

சொந்த வீட்டில் கிளிப் போதாது என்றார். இருந்த வயர் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கார் நிக்குதோ? வயர் இல்லாத ஸ்பீக்கர் செற் ஒண்டு வாங்கவேணும். எனக்கு இங்கிலீசில சண்டை பிடிக்க வராது. நீ வந்தாத்தான் சரி."

கடையில் எங்களைக் கவனித்தவள் சென்னைப் பெண். நான் சண்டை பிடிக்கத் தேவையே வரவில்லை. அதற்கு முன் அண்ணையே மானத்தை வாங்கிவிட்டார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். கையில் அக்காவின் கைத்தடி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தடியால் நிலத்தைத் துழாவியபடி ஸ்பீக்கர்களைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார்.

"சாருக்குக் கண்ணு தெரியாதா மேடம்?" என்று அந்தப் பெண் இரகசியமாகக் கேட்டாள்.

"தெரியும் பிள்ளை. அது வேற வருத்தம்."

முதலில் டீவிக்குக் கீழே வைக்கிற நீளப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். "இது ஒண்ணு போதும் சார், ரூம் முழுக்கக் கேக்கும்." அண்ணை தலையை ஆட்டினார். "ஏலாது பிள்ளை. எங்கட மனுசிக்கு மழை பின்னாலையும் பெய்யவேணும்." படத்தில் மழைக் காட்சி வந்தால், பின் ஸ்பீக்கரில் கேட்கிற அந்தச் சத்தத்துக்காகவே ராணி அக்கா கதையை மறந்து உட்கார்ந்திருப்பார். சரியென்று, பின் ஸ்பீக்கரும் வயர்லெஸ்ஸாக உள்ள செற்றைப் போட்டுக் காட்டினாள். அண்ணை தடியோடு அதன் பின்பக்கம் போனார். தடி எதிலோ கொழுவியது.

"பிள்ளை, உது என்ன வால்?"

"பவர் கேபிள் சார். ஸ்பீக்கருக்குக் கரண்ட் வேணும்ல?"

"வயர் இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"சவுண்டுதான் சார் காத்துல வரும். கரண்ட் காத்துல வராதே."

ஆயுள் முழுக்கக் கரண்டோடு குடும்பம் நடத்திய மனுசன் கண்ணைத் திறந்து அந்த வாலைக் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமல் வந்தது. அவள் இரக்கப்பட்டு, பற்றரியில் ஓடுகிற பின் ஸ்பீக்கர் உள்ள இன்னொன்றைக் காட்டினாள். சார்ஜ் போட்டால் போதும், வாலே இல்லை. இனியென்ன என்று நான் பெருமூச்சு விட்டேன். அண்ணை மறுபடி தலையை ஆட்டினார்.

"சார்ஜ் போட நான் மறந்துபோவன் பிள்ளை. நான் எல்லாத்தையும் பேந்து எண்டு சொல்லுற ஆள். அதாலதான் அவள் விழுந்தவள்."

சிரிப்பு எனக்கு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வால் உள்ளதையே வாங்கினோம். பின்சுவரில் பிளக் இருந்தால் வால் நிலத்துக்கு வராது என்பது அண்ணையின் கணக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால், இடப்பக்கம் பிளக் இருந்தது, வலப்பக்கம் காலியாக ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இருந்த ஒன்றேயொன்று சாமித்தட்டில், பிள்ளையாரின் மின்விளக்குக்குப் போட்டது. அண்ணை சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ராணி, பிள்ளையாருக்குப் பக்கத்தில ஒரு பெட்டி வைக்கட்டோ?"

"என்ன பெட்டி?"

"சத்தப் பெட்டி. இடம் காணாது, பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி அரக்கவேணும்."

சமையலறையில் போன் சத்தம் நின்றது. "கையை எடுங்கோ! மச்சம் மாமிசம் திண்ட கையோட அவரைத் தொடாதேங்கோ!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா!"

"ஆர் கண்டது? நில்லுங்கோ, நான் வாறன்."

கைத்தடி டொக் டொக்கென்று வந்தது. வாசற்படியில் நின்றது. அக்கா நிலத்தைப் பார்த்தார், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். பிறகு அக்கா தடியால் நிலத்தைத் துழாவினார், அண்ணை கடையில் செய்த அதே மாதிரி. ஒன்றும் கொழுவவில்லை. கால் படியைத் தாண்டியது. விழுந்த இடம் வந்ததும் நின்றார்.

"பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கையைத் தாங்கோவன்."

அண்ணை ஓடிப்போய்க் கையைக் கொடுத்தார். அக்கா சாமித்தட்டுக்கு வந்து, பிள்ளையாரை இரண்டு விரற்கடை தானே அரக்கி, ஸ்பீக்கரை வைக்கச் சொன்னார். திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வைத்த பிறகுதான் அதற்குக் கரண்ட் கிடைத்தது. சோபாவில் உட்கார்ந்தார். அண்ணை படத்தில் ஒரு மழையைத் தேடிப் போட்டார். அக்கா மெல்லத் திரும்பிப் பிள்ளையார் பக்கம் பார்த்தார்.

"பின்னாலையும் பெய்யுது," என்றார். அண்ணை ரிமோட்டில் எதையோ தேடுவதுபோல தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதற்கடுத்த கிழமை கிளிப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய பட்டியலில் கடைசி வீடு நாங்கள்தானாம். அலுமாரியை இழுக்கப் போனவரைப் பிடித்து நிறுத்தித் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன்.

"அந்த மூண்டடி கிடக்கட்டும் அண்ணை. பேந்து வந்து அடியுங்கோ. வரேக்க அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இதுவரை நாலைந்து தடவை இரண்டுபேருமாக வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சுத்தியலை எடுக்கிற நேரம் பார்த்து நான் தேத்தண்ணி கொண்டுவந்துவிடுகிறேன்.