பிரேக் மிதித்தால் பாட்டு

சிலருக்கு வாய் சும்மா இருக்காது. எனக்குக் கை. வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டியதில் மிஞ்சிய ஸ்க்ரூ மட்டுமே ஒரு டப்பா சேர்ந்திருந்தது (ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது, ஆகவே அவை வேண்டாத ஸ்க்ரூ என்பது என் கட்சி). "பொண்ணு எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா இருக்குதுங்களே" என்று சொல்லி இரண்டு மாப்பிள்ளை வீட்டார் நழுவியிருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. அப்பா மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழைய வேன் ஒன்றை வாங்கி, அதைப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தார். மூன்றாவதாகச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவைப் பார்த்தேன், பிடித்துப் போயிற்று. கொஞ்சநஞ்சம் இல்லை, இந்த இடமும் கைநழுவினால் நான் அழுதே விடுவேன் என்கிற அளவுக்கு.

இப்படிப்பட்ட நேரத்தில் மற்ற பெண்கள் முகத்துக்குக் கடலை மாவு பூசுவார்கள். நான் வேனுக்கு டேப் ரெக்கார்டர் பூட்டத் தீர்மானித்தேன். பாட்டு வைத்த வேன் என்றால் ஒரு மதிப்பு வரும் அல்லவா?

"மெக்கானிக்கிட்டக் குடுத்துரலாம் கண்ணு" என்றார் அப்பா.

"ரெண்டு ஒயரை முறுக்கி உடறதுக்கு மெக்கானிக் எதுக்குங்கப்பா?" என்றேன். (வாயும் சும்மா இருக்காது போல.)

எங்கள் வாசல் ஒரே சரிவு. வேனின் ஹேண்ட் பிரேக்கோ பேருக்குத்தான். அதனால் அப்பா டிரைவர் சீட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார, நான் அவர் காலடியில் தலையை நுழைத்து, டெஸ்ட் பல்பை ஒவ்வொரு ஒயராக வைத்துப் பார்த்தேன். ஒரு ஃப்யூஸ் போயிற்று. இருந்த ஒரே மாற்று ஃப்யூஸைப் போட்டேன். அப்புறம் ஒரு ஒயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, இதற்கு மேல் என்ன விசாரணை? முறுக்கினேன். சர்ச் பாட்டுக் கேசட் வேன் அதிரப் பாடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது பின்னால் இருக்கும் பிரேக் விளக்குக்குப் போகிற ஒயர். பிரேக்கை மிதித்தால் மட்டும்தான் அதில் கரண்ட் வரும். பாட்டை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுக்கிற வரை அப்பா காலை எடுக்கவே இல்லை, அதனால் இது யாருக்கும் தெரியவில்லை. எடுத்திருந்தால் வேன் காப்பிச் செடிக்குள் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை கேசரித் தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. "ஏங்கண்ணு, வாய் பேசுவாரா இவரு?" என்று அம்மா அடுப்படியில் என் காதைக் கடித்தாள்.

கிளம்பும்போது அப்பா, "வேன்லயே ஊட்ல உட்டுடறேனுங்க. பாட்டெல்லாம் கேக்கும், பாப்பாவே மாட்டுனதுங்க" என்றார் பெருமையாக.

"அப்ப எல்லாரும் வாங்க, எங்க ஊட்டையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வாசலில் பாட்டு ஜோராக ஆரம்பித்தது. அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் செத்துவிட்டது. கேசட்டைத் தட்டினேன், பென்சிலை விட்டுச் சுற்றினேன், சத்தத்தைக் கடைசி வரை திருகினேன். முதல் வளைவில் அப்பா பிரேக் மிதித்தார். 'அல்லே' என்று ஒரு அலறல். காலை எடுத்தார், நின்றது. அடுத்த வளைவில் 'லூயா' வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இது வளைவு வந்தா மட்டுந்தான் பாடுமுங்களா?" என்று கேட்டார்.

"மலை ரோட்டுக்குன்னே செஞ்சதுங்க" என்றேன். எந்தப் பிசாசு என்னை அப்படிச் சொல்ல வைத்ததோ தெரியாது.

மிதித்தால்தான் பாடுகிறது என்பது அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது; அந்த அம்மாவுக்குப் பாட்டு பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தாராளமாகப் பிரேக் மிதிக்க ஆரம்பித்தார். வேன் நத்தையாக ஊர்ந்தது, பாட்டு நீண்டது. இரண்டாம் சரணத்தில் 'டப்' என்று சத்தம், ஒரு கருகல் வாடை, பிறகு அமைதி. அடுத்த வளைவில் அப்பா ஹாரனை அமுக்கினார். அதுவும் ஊமை. ஹாரனும் பிரேக் விளக்கும் ஒரே ஃப்யூஸ்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வண்டிதான் போக முடிகிற ரோடு. அப்பா ஓரமாக நிறுத்தி, "ஹாரன் இல்லாம இதுல எறங்கக் கூடாதுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். கல்யாணம் அந்த ஃப்யூஸோடு கருகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஜன்னல் கண்ணாடியைத் தள்ளும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி, "வண்டி வருதுங்கோ..." என்று கூவினார். எதிர்மலை வரை கேட்டிருக்கும்.

அவருடைய அப்பா மகனையே பார்த்தார். பிறகு இன்னொரு ஜன்னலைத் திறந்து அவரும் சேர்ந்துகொண்டார். அப்பா வேனை மெல்ல உருட்டினார். பிரேக் விளக்குக்குப் பதிலாக, பின்னால் வருகிற வண்டிகளுக்கு என் அம்மா முந்தானையை ஆட்டினாள். வளைவுக்கு வளைவு இதே கூத்து. மேலே ஏறிவந்த பஸ்ஸை நிறுத்தி டிரைவர், "ஏனுங்க, ஆராச்சும் காணாமப் போயிட்டாங்களா?" என்று விசாரித்தார். மலையடிவாரத்தில், குப்பனூரில், டீக்கடைக்காரர்கள் ஏதோ ஊர்வலம் என்று எழுந்து நின்றார்கள்.

அங்கே டீ குடிக்க இறங்கினோம். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லபடியாக வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என நினைத்து நின்றேன்.

"பொண்ணு புடிச்சிருக்கான்னு உங்க வாசல்ல வேன் ஏறற வரைக்கும் கேட்டுப் பாத்தேன் கண்ணு, வாயே தொறக்கலை. உனக்காவ இப்பிடிக் கத்தறான். இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது?"

மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. "அது பிரேக் ஒயருங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"எப்பத் தெரியும்?"

"மொத வளைவுலயே."

"அப்பவே சொல்றதுக்கென்னங்க?"

"மலை ரோட்டுக்குன்னே செஞ்சதுன்னு சொன்னீங்களே" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இன்றும் எங்கள் வீட்டு வண்டியில் பிரேக் மிதித்தால் பின்சீட்டில் அத்தனை பேரும் அந்தப் பாட்டைப் பாடுவார்கள், காலை எடுத்தால் பாதி எழுத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, மருமகனும்தான். என் கணவர் ஒன்றும் பேசாமல் ஓட்டுவார். ஆனால் சேலத்து சிக்னல்களில் பச்சை விழுந்து, பின்னாலிருக்கும் வண்டியெல்லாம் ஹாரனடித்துத் திட்டினாலும், கடைசிச் சரணம் முடியும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்.