நான் தள்ளிய கிழக்குக் கரை

படிக்காதவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படித்தவர்கள் எதையாவது விளக்கிச் சொன்னால், புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிடுவோம். ஆட்டாவிட்டால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குள் உலையில் சோறு குழைந்துவிடும். அப்படித் தலையை ஆட்டி ஆட்டியே ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் நான் மண்ணைப் போடப் பார்த்தேன். (நான் சொல்லச் சொல்ல என் மருமக எழுதறா. டீச்சரு அவ. என் பேச்சயெல்லாம் இஸ்திரி போட்டு மடிச்சி வெக்கிறா. அடைப்புக்குள்ள கீறத மட்டும் அப்டியே வுடுன்னு சண்ட போட்டு வாங்கிக்கீறேன்.)

எழுபதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராயப்பேட்டையில் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கும் மேல்வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டு சார் பெயர் தணிகாசலம். கல்யாணமாகாதவர். மண்ணையும் கல்லையும் படிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம், அதைப் படித்தவர். கோலார் தங்கவயல் எப்படி உண்டானது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. (என் தாய்மாமன் அந்தக் கோலாரு சொரங்கத்துல முப்பது வருசம் எறங்கி ஏறினாரு. அவுரு வூட்டுக்குக் கொண்டாந்தது இருமலு ஒண்ணுதான். தங்கம் எப்டி வந்திச்சின்னு அவுரு ஒரு நாளும் கேக்கல, எப்டிப் போவுதுன்னுதான் கேப்பாரு.)

அந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் கல். ஜன்னலில் கல், கட்டிலுக்கடியில் கல், செருப்பு வைக்கிற இடத்தில் கல். வேலைக்குச் சேர்ந்த அன்று மிளகாய் அரைக்க அம்மியைத் தேடினேன். வீட்டில் இல்லாத ஒரே கல் அதுதான்.

சார் தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்காத ஆள். நான் பரிமாறப் பரிமாற அவர் கோலாரைச் சொல்லுவார். கோலார் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். கடலுக்கு அடியில் தரை பிளந்து நெருப்புக் குழம்பு பொங்கி வந்ததாம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அதன் மேல்தோல் சட்டென்று இறுகி, தலையணைகளை அடுக்கி வைத்த மாதிரி உருண்டை உருண்டையாகக் குவிந்ததாம். அதுதான் அந்தக் கறுப்புக் கல். அப்புறம் மேற்கே ஒரு நிலமும் கிழக்கே ஒரு நிலமும் மெல்ல நகர்ந்து வந்து, நடுவிலிருந்த கடலை மூடி, அந்தக் கறுப்புக் கல்லைக் கரும்பு மிஷினில் கொடுத்த மாதிரி நசுக்கினவாம். கல் விரிசல் விட்டது. ஆழத்திலிருந்து வெந்நீர் அந்த விரிசல் வழியாக ஏறி வந்தது. வெந்நீரில் கரைந்து வந்த தங்கம், அது ஆறினதும் வெள்ளைக் கல்லோடு விரிசலிலேயே படிந்துவிட்டது.

நான் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு நாள் மட்டும், "அது யாரு சார் தள்ளினது?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு ரசம் மூன்று தடவை சூடு பண்ண வேண்டியதாயிற்று. அதோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

நிலம் நகரும் என்பதே அப்போது புதுப் பேச்சாம். அதுவும் அத்தனை ஆதிகாலத்திலேயே நகர்ந்தது என்று சொன்னால் பெரிய அதிகாரிகள் சிரிப்பார்களாம். சாருக்கு மேலே பெங்களூரில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினால்தான் சார் மறுபடி கோலாருக்குப் போய் வேலையை முடிக்கலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, எங்கோ ஒரு பொட்டல் காட்டில் சுண்ணாம்புக் கல்லைத் தட்டிப் பார்க்கப் போக வேண்டியதுதான். சார் அந்த நினைப்பிலேயே இளைத்துவிட்டார். (நாலு இட்லி துன்ற ஆளு, ஒண்ணரை துன்னுட்டு எந்திரிச்சிடுவாரு.)

பெரியவர் மயிலாப்பூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர், ராத்திரி வண்டிக்குப் போகுமுன் சாயங்காலம் ஒரு நடை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சார் ஒரு வாரமாக மேஜை மேல் கற்களை வரிசையாக வைத்தார். இடது கோடியில் மேற்கு நிலத்துக் கல், நடுவில் கறுப்பும் வெள்ளையும், வலது கோடியில் கிழக்கு நிலத்துக் கல். இரண்டு கோடிக் கல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை, அதுதான் தன்னுடைய சாட்சி என்பார். கையில் எடுத்து லென்ஸில் பார்த்தால் பெரியவர் மறுக்கவே முடியாதாம்.

பெரியவர் வந்த நாள் சரஸ்வதி பூஜை.

சார் காலையிலேயே அவரை அழைத்து வர மயிலாப்பூருக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, "பூஜையை நீயே பாத்துக்கோ கன்னியம்மா, குறை வைக்காதே" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. சைக்கிள் கடைக்காரன் மகளிடம் ஆயுத பூஜையை ஒப்படைத்தால் குறை எப்படி வைப்பாள்? எங்கள் கடையில் அன்றைக்கு ஸ்பேனர், பம்பு, பஞ்சர் ஒட்டுகிற தொட்டி வரைக்கும் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் காலை விஜயதசமிக்குத்தான் எடுப்பார்கள். அதுவரை யாரும் விரலால்கூடத் தொடக் கூடாது.

நான் யோசித்தேன். வாத்தியாருக்குப் புத்தகம். தையல்காரருக்கு மிஷின். சாருக்கு எது? புத்தகம் இருந்தது, ஆனால் அதைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். தடவித் தடவிப் பார்ப்பதெல்லாம் கல்லைத்தான்.

ஒரு கல் பாக்கியில்லாமல் எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சாமி அலமாரி சிறியது என்பதால் வரிசையெல்லாம் வைக்க முடியவில்லை. மலை மாதிரி குவித்து, உச்சியில் அவருடைய சுத்தியலை நிறுத்தி, சாமந்தி மாலை போட்டேன். லென்ஸுக்கும் நட்டநடுவில் ஒரு பொட்டு. கற்பூரம் காட்டி முடித்துப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மிச்சமிருந்த மஞ்சளைக் குழைத்து, வருகிறவர் உட்காருவதற்காக இரண்டு மணைப்பலகைகளின் ஓரம் முழுக்கத் தாராளமாகப் பூசி வைத்தேன். பிறகு பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்ச உட்கார்ந்தேன்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். பெரியவர் நல்ல உயரம், நெற்றியில் நாமம், அகல ஜரிகை வேட்டி. சார் அவரை நேராக மேஜைக்கு அழைத்துப் போனார். மேஜை மேல் நான் விரித்த பூப்போட்ட விரிப்பு மட்டும் இருந்தது.

"கன்னியம்மா, கல்லெல்லாம் எங்க?"

"பூசைல கீது சார்."

சார் சிரிக்கத்தான் பார்த்தார். அலமாரியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னிக்கித் தொடக் கூடாது சார். எங்கப்பா ஒரு தபா பூசைல வெச்ச ஸ்பேனர அன்னிக்கே எடுத்தாரு. அந்த வருசம் பூரா ராயப்பேட்டைல ஒரு சைக்கிளு பஞ்சர் ஆவல."

சார் என்னைத் தள்ளிவிட்டாவது எடுத்திருப்பார். ஆனால் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். "அவ சொல்றது வாஸ்தவம்தானேடா, தணிகாசலம். பூஜையில வெச்சதை எடுக்கப்படாது. நான் இன்னும் என் பேனாவையே தொடலை" என்றார்.

"சார், உங்களுக்கு ராத்திரி வண்டி" என்றார் எங்கள் சார்.

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கல்லைப் பாக்காம ஒண்ணும் சொல்றதுக்கில்லே."

அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது. அந்த ஒன்றரை இட்லியும் இனி இறங்காது. சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாக, "பொரி உருண்ட துன்றீங்களா?" என்று கேட்டேன். (வேற இன்னா கேக்கறது? எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆறுதல் அதான்.)

சார் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். பாகு பதம் பார்க்க நான் கிண்ணத்துத் தண்ணீரில் விட்ட சொட்டு, உருண்டையாகத் திரண்டு கிடந்தது. அவர் முகத்தில் விளக்கு போட்ட மாதிரி ஆனது.

என் பாகுச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, இதுதான் கடல் என்றார். பாகை ஊற்றினார். அது உருண்டை உருண்டையாக இறுகி அடியில் குவிந்தது. கடலடியில் பொங்கின குழம்பு இப்படித்தான் தலையணை தலையணையாக உறைந்தது என்றார். மணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இது நேக்கும் தெரியும். ரெண்டு நிலம் நகர்ந்து மோதித்துங்கறயே, அதுக்குச் சொல்லு" என்றார்.

சார் அசரவில்லை. இன்னொரு மணையைக் கொண்டுவந்து, பெரியவர் உட்கார்ந்த மணைக்கு எதிரே ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டார். நடுவில் மிச்சப் பாகு முழுவதையும் ஊற்றினார்.

"சார், நீங்க உக்காந்திருக்கிறது மேற்கு நிலம். இது கிழக்குக் கரை. நடுவுல கறுப்புக் கல். கன்னியம்மா, நீ கிழக்கு நிலத்தைப் பிடிச்சுத் தள்ளு."

யார் தள்ளினது என்று நான் கேட்டதற்குக் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது. சார் பிழைப்பே என் கையில் இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பழைய சைக்கிளில் துருப்பிடித்த பெடலைக் கழற்றிப் பழகின கை. மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு.

கிழக்கு நிலம் போய் மேற்கு நிலத்தில் மோதிற்று. மேற்கு நிலம் பெரியவரோடு சுவர் வரைக்கும் போயிற்று. நடுவிலிருந்த பாகு நசுங்கி, மலை மாதிரி எழும்பி, அவர் வேட்டி மேல் மடிந்து விழுந்தது.

"மெல்லம்மா" என்றார் சார், எல்லாம் முடிந்த பிறகு. "நிலம் நகம் வளர்ற வேகத்துலதான் நகரும்."

(அத முன்னாடியே சொல்லணும்ல?)

நல்ல வேளை, வேட்டி பல மடிப்பு; பெரியவருக்குச் சூடு படவில்லை. ஆனால் நான் காய்ச்சின பாகு லேசுப்பட்டதில்லை. அவர் எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் கல்லாக இறுகிவிட்டது. வேட்டி மணையோடு, மணை இன்னொரு மணையோடு. அவர் எழுந்தால் அவர் மட்டும்தான் எழுவார், வேட்டி கோலாரிலேயே தங்கிவிடும். நான் இருக்கும்போது அது முடியாது. அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைந்தார். பாகு பட் பட்டென்று விரிசல் விட்டதே தவிர, விடவில்லை.

"தணிகாசலம்," என்றார் மிகவும் அமைதியாக, "நீ சுண்ணாம்புக் கல்லுக்கே போ."

சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் சமையலறைக்கு ஓடினேன். வெல்லத்துக்கு வைத்தியம் வெந்நீர்தானே. காபிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கொஞ்சம் விளாவி எடுத்து வந்து, மணை ஓரமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். வேட்டி நுனி மெல்ல இளகியது. பெரியவர் அதை அங்குலம் அங்குலமாக இழுத்து மீட்டார். கடைசி நுனி வந்ததும் எழுந்தவர், போகவில்லை. அப்படியே குனிந்தார்.

நான் மணை ஓரத்தில் பூசியிருந்த மஞ்சள் வெந்நீரில் கரைந்து, பாகின் விரிசல்களுக்குள் ஓடியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் கறுப்புப் பாகுக்கு நடுவே மஞ்சள் கோடு கோடாகப் படிந்து நின்றது.

பெரியவர் லென்ஸைக் கேட்டார். பிறகு, "வேண்டாம், பூஜையில இருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டு, மூக்கு மணையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நாமம் பாகில் ஒட்டிவிடுமோ என்று நான் பயந்தேன்.

"மோதினப்புறம்தான் விரிசல். விரிசல் விட்டப்புறம்தான் வெந்நீர்" என்றார்.

"ஆமா சார்."

அவர் தலையை ஆட்டினார்.

எனக்கு மட்டும் இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அது புரிந்து ஆட்டின தலையா, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று என் மாதிரி ஆட்டின தலையா? எதுவானால் என்ன, வாசலில் ரிக்‌ஷா ஏறும்போது சாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டு அந்தக் கல்லையெல்லாம் பெட்டியில போட்டு எனக்கு அனுப்பு. நீ கோலாருக்குக் கிளம்பு. ஆனா இந்த மணையை அத்தாட்சின்னு யாருக்கும் காட்டிடாதே."

அன்று ராத்திரி சார் ஐந்து இட்லி சாப்பிட்டார். திட்டவே இல்லை. மறுநாள் கற்களை அலமாரியிலிருந்து எடுத்தவர், சந்தனத்தை மட்டும் துடைக்காமல் பெட்டியில் வைத்தார். பெரியவர் அடுத்த தடவை வந்தபோது என்னைப் பார்த்து முதலில் சொன்னது, அன்றைக்கு ராத்திரி ஜோலார்பேட்டை வரைக்கும் வேட்டியெல்லாம் எறும்பு என்பதுதான். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் தனியாக விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்களாம்.

பிரிக்க முடியாத அந்த இரட்டை மணையைச் சார் எனக்கே கொடுத்துவிட்டார். மேலே இருந்த பாகை எறும்பு தின்றுவிட்டது; இடுக்கில் இறுகினது மட்டும் இன்னும் விடவில்லை. மஞ்சள் கோடும், ஜரிகையில் ஒரு நூலும் மரத்திலேயே தங்கிவிட்டன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதே இல்லை. "இவதான் கெழக்குக் கர. தள்ளி நின்னு பேசுங்க" என்பார். இந்த மருமகள் வந்த முதல் நாளே அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கை செய்துவிட்டார்.

இப்போது எனக்கு முட்டி மடங்குவதில்லை. ஆட்டோவில் ஏற்றுவதற்குப் பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஒருத்தி, "ஆயா, மெதுவா, நகம் வளர்ற மாதிரிதான் தள்றோம்" என்பாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

(நான் தலைய ஆட்டிக்குவேன். இது எனக்குப் புரியுது.)