நீலக் குளிசையும் அப்பச்சோடாவும்

கால்பந்தில் கோல் காப்பவனுக்கு வரக்கூடாத வருத்தம் ஒன்று உண்டு: நீர்க்கடுப்பு. மற்றப் பத்துப் பேரும் ஓடித் திரிகிறவர்கள். ஒருவர் குறைந்தால் கண்டுபிடிக்க நேரமெடுக்கும். கோலில் ஆள் இல்லையென்றால் ஊரே காணும்.

எண்பதுகளின் நடுவில், ஊர்காவற்றுறையில் எங்கள் கரை அணிக்குக் கோல் காத்தவன் நான். மண்டைதீவு அணியோடு இறுதியாட்டம் நடக்க இருந்த வாரத்தில் எரிவு தொடங்கியது. டொக்டர் நீலக் குளிசை தந்தார்.

"சலம் நீலமாப் போகும், பயப்பிடாதையும். வேறை மருந்து ஏதும் எடுக்கிறீரோ?"

"இல்லை டொக்டர்."

(அப்பச்சோடாவை ஆர் மருந்தெண்டு நினைச்சது?) குளிசை வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஒவ்வொரு குளிசைக்குப் பின்னாலும் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார். ஆட்ட நாளன்று நானாகவே இன்னொரு கிளாஸ் குடித்தேன். இரட்டைப் பாதுகாப்பாம்! எரிவு கொஞ்சமும் குறையவில்லை.

இரண்டாம் பாதி. ஒரு கோலால் முன்னுக்கு நிற்கிறோம். அந்தக் கோப்பை எங்கள் கரைக்கு அதுவரை வந்ததேயில்லை. எனக்கோ இனி அடக்க ஏலாது. பந்து எதிர்க் கோலடியில் நின்றது. எனக்கு முன்னால் பின்வரிசையில் நின்றவர் என் அண்ணை.

"அண்ணை, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

"எங்கையடா போறாய்?"

"வடலிக்குள்ளை!"

"விசரா, இது இறுதியாட்டமடா!"

பனை வடலி மறைவில் மணலை நீலமாக்கிக்கொண்டு நின்றபோது மைதானம் இரைந்தது. திரும்பிப் பார்த்தேன். மண்டைதீவான் ஒருவன் பந்தோடு தனியே வருகிறான். கோலில் அண்ணை மட்டும். கையால் தொட்டால் பெனால்டி. அண்ணை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவன் அடித்த பந்தை முகத்தால் மறித்தார். பந்து வெளியே போனது. முன்பல் ஒன்றும் கூடப் போனது.

கோப்பை வந்தது.

அண்ணையின் உதட்டுக்குத் தையல் போட்ட டொக்டர் சோடாக் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "சலம் புளிப்பா இருந்தால்தான் அந்தக் குளிசை வேலை செய்யும். சோடா அந்தப் புளிப்பை முறிச்சுப்போடும். தாயும் பிள்ளையுமாச் சேர்ந்து என்ரை மருந்தைத் தோற்கடிச்சுப்போட்டியள்!"

சோடாவை விட்டேன், எரிவு அடங்கியது.

பின்னாளில் பத்திரிகைக்காக எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்து எழுதினேன். அப்படியொரு தடுப்பை வேறெங்கும் காணவில்லை. அந்தப் பந்தைத் தடுத்தவர் என் அண்ணை என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். (எங்கே நின்று பார்த்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.)

அவர் விடுவாரா? இன்றும் குடும்ப விருந்தில் நான் கதிரையை விட்டு எழும்பினால் போதும், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உரக்கச் சொல்வார்:

"நீ ஆறுதலாப் போயிட்டு வா. கோலிலை நான் நிக்கிறன்."