விழ வேண்டிய பெட்டிகளுக்குச் சங்கிலி போட்ட சித்தப்பாவுக்கு

அம்பாங்கான்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய யாகப்பன் சித்தப்பா அவர்களுக்கு,

நீங்கள் வளர்த்த மகன் இவான் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமாக இருக்கிற மனிதர் போனை எடுப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்து அணையில் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாயின்மேல் நாங்கள் வரிசையாக நிறுத்திய கான்கிரீட் பெட்டிகள், சாதாரண நாளில் தண்ணீரை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தேக்கும். பெரிய வெள்ளம் வந்தால், அடியில் தண்ணீர் புகுந்து தூக்கி, தானாகக் கவிழ்ந்து வழிவிடும். கவிழாவிட்டால் தண்ணீர் மண்கரைக்கு மேலே ஏறும், கரை உடையும், கீழே முதல் வீடு உங்களுடையது. இதைச் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை வைத்து விளக்கினேன். நீங்களும் தலையாட்டினீர்கள். ஆட்டிவிட்டு, நான் பஸ் ஏறியதும், பழைய டிராக்டர் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், பெட்டிகளைத் தூக்கி இறக்க வைத்த கொக்கிகளில் கோத்து, கரையோரத் தூணில் இறுக்கிக் கட்டி, பூட்டும் போட்டு, பாதருக்குச் சொல்லாமல் தீர்த்தமும் தெளித்து, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, அதற்கு என் தங்கை கேரல், படித்தவள், கைதட்டி வேறு அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் போட்டோவைப் பார்த்ததும் நான் போனில் கத்தியதில் தப்பில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஏன் கட்டினீர்கள் என்று எல்சி சித்தி நேற்றுத்தான் சொன்னார். "அது விழுந்தா என்னா சொல்வானுங்க? யாகப்பன் வளத்த புள்ள கட்டுனது ஒரு மழைக்குத் தாங்கலன்னு சொல்வானுங்க. அதக் கேட்டுகிட்டு நான் சும்மா இருக்கணுமாலா?" என்றீர்களாம்.

சித்தப்பா, அந்தப் பெட்டியின் வேலையே விழுவதுதான். வெள்ளத்தில் விழாமல் நின்றால்தான் எனக்கு அவமானம். விழுகிற அன்னைக்கு நீங்க மேட்டுல நின்னு, எங்க இவான் வச்சது கரெக்டா விழுந்துச்சுன்னு தோட்டத்து ஆளுங்கள மேய்க்கிற மண்டோருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீங்க உயிரோட இருப்பீங்க, எனக்கு அது போதும்.

ஆகவே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் சங்கிலியை நீங்களே கழற்ற வேண்டும். ஆள் அனுப்பவா என்று என் மேலதிகாரி கேட்டார். கட்டியவரே கழற்றுவார் என்று சொல்லிவிட்டேன். நான் வரப்போவதில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிற மனநிலையிலும் இல்லை.

சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்காலை ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
இவான்

பி.கு.: மழை பிடித்துவிட்டது. நீங்கள் கரைப் பக்கம் போகவே கூடாது, வழுக்கும். இரும்பு வெட்டும் கட்டரோடு, உங்கள் பக்கம் வரும் பகாவ் பஸ்ஸில் இருக்கிறேன். சங்கிலியை வெட்டிவிட்டுத்தான் இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளுவேன். படித்து முடித்ததும் கதவைத் திறங்கள், நனைந்துகொண்டு நிற்கிறேன்.