அரைப்பந்தி மாமா

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவர் திருச்சி ஜில்லாவில் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க், எங்கள் தெருக்காரர், அரைப்பந்தி மாமா.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். பஸ்ஸில் யாராவது தும்மினால் போதும், மாமா கண்டக்டரை விசிலடிக்கச் சொல்லி இறங்கிவிடுவார். மார்கழி மாதத்தில் அவர் திருவானைக்காவலைத் தாண்டுவதே பெரும்பாடு. தோல் பை ஒன்றை இடது விலாவோடு அணைத்துக்கொண்டு, இடிக்க வருகிறவர்களைப் பார்த்து உறுமுவார். ஏதோ கஜானா இருக்கிறதென்று ஒரு பிக்பாக்கெட் அதைக் கத்தரித்தான். உள்ளே வாழைப்பழமும் பொரியும்தான் இருந்தன. மணிக்கொரு தரம் கொறிப்பதற்கு.

வைகுண்ட ஏகாதசிக்கு உலகமே ஸ்ரீரங்கத்துக்குள் நுழையும்போது, இவர் ஒருவர்தான் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போவார்.

"பெருமாளைச் சேவிக்காம எங்கே மாமா ஓடறேள்?"

"கூட்டம் வடியட்டும்டா. பெருமாள் எங்கே போயிடப் போறார்?"

என் தம்பி கல்யாணம் ஜீயபுரத்தில் நடந்தது. பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று மாமாவை முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார்த்தினார்கள். நாலு கவளம் சாப்பிட்டார். இலையை மடித்தார். எழுந்துவிட்டார்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் பாதியில் எழுந்தால் சும்மாவா? பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்தது. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். காரணம் தெரியாமலே என் அத்தை ஆரம்பித்துவிட்டாள்: "காலம்பற காபி ஆறிப்போயிருந்ததே, அப்பவே நெனச்சேன்!" அவளைப் பார்த்துப் பாதிப் பந்தி எழுந்தது.

கிணற்றடியில் கை அலம்பிக்கொண்டிருந்த மாமாவிடம் பெண்ணின் அப்பா கைகூப்பினார்.

"என்ன குறைன்னு சொல்லிடுங்கோ."

"குறையா? சாத்தமுது அமிர்தம்! இப்பவே வயித்தை ரொப்பிண்டா அடுத்த பந்தியில எப்படி உக்காருவேன்?"

சொன்னபடியே அடுத்த பந்தியில் நாலு கவளம், அதற்கடுத்ததில் நாலு கவளம். கல்யாணம் பிழைத்தது. பட்டப்பெயரும் நிலைத்தது.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. திரும்பி வரும்போது பொரிந்து தள்ளினேன். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரத்தத்துல வெள்ளையணு கட்டுக்கடங்காம பெருகறதாம். ரத்தப் புத்துன்னுட்டார் டாக்டர். மண்ணீரல் வீங்கி வயித்துல முக்கால் இடத்தைப் பிடிச்சுண்டுடுத்து. நாலு கவளத்துக்கு மேல எங்கே வைக்கறது?"

அவர் இடது விலாவோடு அணைத்திருந்த தோல் பையைப் பார்த்தேன்.

"மெட்ராஸ்லேர்ந்து மாத்திரை வரது. மாசா மாசம் ரத்தப் பரிசோதனை. கூட்டம் ஆகாது, ஜலதோஷம் ஆகாது, இடது பக்கம் அடி படக் கூடாது. வெள்ளைக்காரனையே விரட்டினோம், வெள்ளையணுவை விரட்ட மாட்டோமா?"

"ஊர்ல சொல்லிடலாமே மாமா. உங்களைப் பைத்தியம்னுன்னா பேசறா?"

"பேசட்டுமே. பைத்தியக்காரன் பொண்ணை யாராவது பண்ணிப்பா. சீக்காளி பொண்ணை யார் பண்ணிப்பா? வைதேகி கல்யாணம் முடியற வரைக்கும் நான் பைத்தியம்தான்."

வைதேகி அவருக்கு ஒரே பெண். அப்புறம் நானும் அந்தப் பைத்தியத்துக்கு உடந்தையானேன். பஸ்ஸில் தும்முகிறவர்களை நானே முறைப்பேன். இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக ஒரு வரன் குதிர்ந்தது. கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா தாரை வார்க்கும்வரை பட்டினி என்பதால், காலையில் அவரை யாரும் கவனிக்கவில்லை. மத்தியானம் வந்தது வினை. சம்பந்தி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்து இலையில் உட்கார்த்திக்கொண்டார்.

நாலு கவளம் ஆனதும் மாமா திணற ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவர் பாதியில் எழுவதா?

சட்டென்று சம்பந்தி தன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "வாங்கோ, அடுத்த பந்தியில சேர்ந்து உக்காரலாம்" என்றார்.

கை அலம்புகிற இடத்தில், நான் சொம்போடு நிற்கும்போது, மெதுவாகச் சொன்னார்: "எங்க அண்ணாவும் இப்படித்தான் இடது விலாவைக் காப்பாத்திண்டு நடப்பான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரிஞ்சுண்டேன். பொண்ணுக்காக இவ்வளவு கூத்து அடிக்கற அப்பாவாச்சே, அந்தப் பொண்ணை விட மனசு வரலை. மாத்திரையை மட்டும் வேளை தவறாம சாப்பிடுங்கோ."

மாமா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், சொம்பு காலியாகும்வரை.

பேத்தியைத் தூக்கிக் கொஞ்சும்வரை இருந்தார். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.